வலி நேரம்

மார்ச் 3, திங்கள்

நேற்று அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது அவன் போனைப் பிடுங்கி எங்கள் பல் கிளினிக்கின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். ஒன்பது விநாடி! முதலில் வெறும் வெள்ளைத் திரை. பிறகு டாக்டரம்மாவின் நெற்றி. பிறகு மூக்கு. "பல்லு வர்றதுக்குள்ள எனக்கு அடுத்த ஸ்டாப்பிங்கே வந்துடும் போலிருக்கே" என்றான். பஸ் ஓட்டுகிறவன் வேறு எப்படிப் பேசுவான்.

கிளினிக்கில் எல்லார் கையிலும் புதுப் போன், நல்ல இணைப்பு. இங்கே அது உடனே திறந்துவிடுகிறது. அதனால் குறையே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வைத்திருப்பது அண்ணன் வைத்திருப்பது மாதிரி போன்தான். மூலையில் விரிசல், மூடி கழன்றுவிடாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்டு. இதில் திறந்தால்தான் திறந்த கணக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அப்படியா? சரி, நீயே பாத்துக்கோ" என்றார். கணக்கு எழுதுவது, மருந்து வரவழைப்பது, ஏ.சி. மெக்கானிக்கைத் துரத்துவது, இப்போது இது. பல் பிடுங்குவதைத் தவிர மற்றதெல்லாம் என் தலையில்தான்.

மார்ச் 6, வியாழன்

இன்று கிளினிக்கில் பெரிய ரகளை. காரணம் என் அருமை அண்ணன்.

அவன் பஸ் கண்டக்டருக்குப் பல்வலியாம். சொல்லாமல் கொள்ளாமல் நேரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். முன்மேசையும் என் முகத்துக்காக அவரை நடுவில் உள்ளே அனுப்பிவிட்டாள். (வரவேற்பில் இருக்கிற பெண்ணை நான் முன்மேசை என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னைப் பின்ரூம் என்பாள். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் என் மேசை.) முறையாக நேரம் வாங்கிக் காத்திருந்தவர்கள் சும்மா விடுவார்களா? ஒருவர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே சத்தம் போட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தார். "இனிமே தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கன்னு ஒருத்தர் கூடக் கிடையாது. வலின்னு வர்றவங்களுக்கு தினமும் ரெண்டு இடம் தனியா ஒதுக்கிடறேன். காலைல எட்டு மணிக்கு வெப்சைட்ல திறக்கும். யார் முதல்ல போடறாங்களோ அவங்களுக்கு. போன்லயும் கிடையாது, நேர்லயும் கிடையாது." அதற்கு 'வலி நேரம்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

நியாயம்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால் குனிந்து நின்றது நான்தானே? அண்ணனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "இனிமே நீயே ஆனாலும் வெப்சைட்ல போட்டுட்டுத்தான் வரணும். புரியுதா?"

"சரிங்க மேடம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே, பாப்பா?" என்றான். எனக்கு நாற்பத்தொரு வயது. இன்னும் பாப்பா.

மார்ச் 10, திங்கள்

முகப்பில் ஒரு கடைவாய்ப்பல் படம் இருக்கிறது. அதை அப்படியே அச்சடித்தால் இந்த அறைச் சுவர் முழுக்க ஒட்டலாம், அவ்வளவு பெரிது. ஒவ்வொரு போனும் அந்தச் சுவரை இறக்கிச் சுருக்கிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து படங்களைச் சிறிதாக்கினேன். ஓரத்தில் எட்டிப் பார்த்து "உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்கிற பொம்மையையும் தூக்கினேன். அது கேட்டதற்குப் பதில் சொன்னவர்களுக்கு இதுவரை யாரும் உதவியதில்லை.

டாக்டரம்மா மாநாட்டில் மேடையேறிய படத்தில் மட்டும் கை வைக்கவிடவில்லை. பேரம் பேசி ஓரத்தில் சிறிதாக வைக்கச் சம்மதம் வாங்கினேன்.

மார்ச் 12, புதன்

வெப்சைட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனவரை நாங்கள் மேஸ்திரி என்போம். அவரிடம் பேசினேன். "நீங்க உக்காந்து நேரம் பாத்துக்கிட்டு இருக்க வேணாம்க்கா. நான் ஒரு காவலாளியைப் போட்டுத் தர்றேன்" என்றார்.

காவலாளி என்பது ஆளில்லாமல் தானாக ஓடுகிற ஒரு புரோகிராம். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை, ஒரு நோயாளி போலவே வெப்சைட்டுக்கு வரும். ஒவ்வொரு முறையும் போன் மாதிரி ஒரு தடவை, கம்ப்யூட்டர் மாதிரி ஒரு தடவை. முகப்பைத் திறக்கும், வலி நேரத்தைத் தேடும், பெயர் எழுதி இடம் போடும், எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்ளும். பிறகு ரத்துப் பொத்தானை அழுத்தி அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். வேகமாக இருந்தால் பச்சை, இழுத்தால் சிவப்பு.

இன்று முழுக்கச் சிவப்பு. இடம் போடுகிற பக்கம் திறப்பதற்குள் காவலாளிக்கே பொறுமை போய்ப் பாதியில் திரும்பிவிடுகிறது.

வெப்சைட்டிலேயே இருக்கிற ஒரு பட்டியலையும் காட்டினார், இதுவரை வந்து போனவர்கள் எந்தெந்த மாடல் போனில் வந்தார்கள் என்று. அண்ணன் வைத்திருக்கும் மாடலில் மொத்தமே ஒரே ஒரு ஆள்தான். இரண்டாம் தேதி, அவன் போனில் நான் பார்த்தது. அந்தப் போனைக் கண்காட்சியில்தான் வைக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! இடம் போடுகிற பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது ரத்துப் பொத்தான். அந்த ஒரு பொத்தானுக்காக ஒரு மூட்டைச் சாமான் இறங்குகிறது. இடம் போட வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்திலேயே ரத்து எதற்கு? அதைத் தூக்கித் தனிப் பக்கத்தில் வைத்தேன். ரத்து செய்ய வேண்டியவர்களுக்குக் குறுஞ்செய்தியில் வழி போய்விடும்.

பக்கம் பறக்கிறது.

மார்ச் 19, புதன்

காலை முதல் பச்சை.

மார்ச் 21, வெள்ளி

மூன்று நாளாகப் பச்சை. எட்டு மணிக்குத் திறக்கிற வலி நேரம் உடனே நிரம்பிவிடுகிறது. "நல்ல கிராக்கிதான் உங்க வெப்சைட்டுக்கு" என்றாள் முன்மேசை. பதினொரு மணி இடத்துக்குப் போட்டிருந்தவர் வரவில்லை. நாலு மணிக்காரரும் வரவில்லை. வலி நின்றிருக்கும்.

மார்ச் 26, புதன்

வலி நேரம் போட்டவர்கள் இன்றும் வரவில்லை. இந்த வாரம் ஒருவர்கூட வரவில்லை. மூன்று பெயர்கள்தான் மாறி மாறி வருகின்றன. முன்மேசை அந்த எண்களுக்குப் போன் செய்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. அந்த மூன்று பேருக்கும் சேர்த்து 'வராதவர்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் எதிர்வரிசைக் கண்ணாடிக் கிளினிக் மேல். போன வருடம் திறந்தார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வாசலில் 'வலியா? நேரே உள்ளே வாருங்கள்' என்று பலகை. "நம்ம ஆளுங்களை அங்க இழுக்கறதுக்குத்தான் பொய்ப் பேர்ல இடத்தைப் பிடிச்சு வைக்கறாங்க" என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவர்களுடைய ஆள் ஒருத்தன் எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டு நிற்பதை இரண்டு தடவை பார்த்தேன்.

மாலையில் அண்ணனிடம் போனில் சொல்லித் தீர்த்தேன். "அந்தக் கண்ணாடிக்காரன் பக்கம் நம்ம வீட்டாளுங்க யாராவது தலைவச்சுப் படுத்தீங்கன்னா அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்க வேணாம்."

சிரித்தான். "நான் எதுக்கு அங்க போறேன்? தங்கச்சி கடையிலதான் சாமான் வாங்குவேன்."

மார்ச் 28, வெள்ளி

இடம் போடுகிற பக்கம் ஒரு விநாடிக்குள் திறக்கிறது. ஒரு விநாடி! எனக்கே நம்பிக்கை வரவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்தேன். டாக்டரம்மா கூடப் படித்த தோழிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். எனக்குக் கை கொடுத்தார். பதினொரு வருடத்தில் அவர் எனக்குக் கை கொடுத்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணனோடு பேசினேன். வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவன் மாதிரி இருந்தது. "என்ன, மொச்சு மொச்சுன்னு தின்னுக்கிட்டே பேசறியா?" என்றேன். "தூக்கக் கலக்கம்" என்றான். பகல் ஷிப்டு பார்த்தவனுக்கு மாலையில் என்ன தூக்கம்?

"உங்க சைட்டு இப்ப எப்படி ஓடுது?"

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள."

"ஆமா, பாத்தேன்" என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

ஏப்ரல் 2, புதன்

இன்றைக்கு ஒரு நல்ல விஷயம். எந்த மாடல் போனில் வருகிறார்கள் என்கிற பட்டியலைச் சும்மா புரட்டினேன். கண்காட்சிப் போன்! ஐந்தாறு நாளாக, தினமும் காலை எட்டு மணி தாண்டியதும் அந்த மாடலிலிருந்து ஒரு வருகை. அண்ணன் டிப்போவுக்குக் கிளம்புகிற நேரம். வேறு யாராக இருக்கும்? திறந்து பார்க்கிறான், உடனே போய்விடுகிறான். தங்கை வேலை எப்படி என்று தினமும் சரிபார்க்கிறான் போல. நேரில் பாராட்டினால் வாய் முத்து உதிர்ந்துவிடும் அவனுக்கு. இருக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

வராதவர் வரவில்லை. டாக்டரம்மா காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டீ குடித்தார். போலீஸில் சொல்லலாமா என்று கேட்டார்.

ஏப்ரல் 5, சனி

அண்ணி போன். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு இரைக்கிறது என்றார். பல்லாம். என்ன பல்? எந்தப் பல்? எனக்கு ஏன் யாரும் சொல்லல?

ஏப்ரல் 6, ஞாயிறு

கழுத்து இல்லை அவனுக்கு. தாடையிலிருந்து நெஞ்சு வரை ஒரே வீக்கம், சிவப்பு, தொட்டால் கட்டை மாதிரி இருக்கிறது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், மூச்சுக்கு. கழுத்தில் இரண்டு பக்கமும் கீறிச் சீழை எடுத்திருக்கிறார்கள். கண் திறந்து என்னைப் பார்த்தான். பேச முடியாது. கையைத் தூக்கி என் தலையில் வைக்கப் பார்த்தான், பாதியில் விழுந்துவிட்டது.

அறுவை டாக்டர் சின்ன வயதுக்காரர். நல்லபடியாகத்தான் பேசினார். "கீழ்க் கடைவாய்ப்பல்ல ஆரம்பிச்சிருக்கு. கழுத்துக்கு இறங்கிடுச்சு. ஒரு வாரம் முன்னாடி அந்தப் பல்லை எடுத்திருந்தா இவ்வளவுக்கு வந்திருக்காதுங்க." அப்புறம் எழுதிக்கொண்டே கேட்டார். "ஏன், இவருக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் யாரும் இல்லையா?"

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெளியே பெஞ்சில் அண்ணி சொன்னார். "பத்து நாளா வலி. உனக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'அன்னைக்கே என்னால அவளுக்குப் பேச்சு. மறுபடியும் போய் நின்னா அவ வேலைக்கு வேட்டு வச்ச மாதிரி ஆகிடும். வெப்சைட்ல போட்டுட்டு வான்னு சொல்லியிருக்கா, போட்டுட்டே போறேன்'னார். தினமும் எட்டு மணிக்குப் போட்டுப் பாப்பார். இன்னைக்கும் இல்லைன்னு சொல்லி மாத்திரையை முழுங்கிட்டு வண்டியை எடுக்கப் போவார். அந்தக் கண்ணாடிக் கடைக்காவது போங்கன்னேன். 'அங்க போனா பாப்பா மூஞ்சியில முழிக்க முடியாது'ன்னு சிரிக்கறார், வீங்கின மூஞ்சியோட."

டிப்போவுக்குத் தகவல் சொல்ல அவன் போனை என்னிடம் கொடுத்தார். ரப்பர் பேண்டு போட்ட போன். பூட்டைத் திறந்ததும் எங்கள் பக்கம்தான் இருந்தது.

'இன்றைய வலி நேரங்கள் நிரம்பிவிட்டன. நாளை காலை 8 மணிக்கு மீண்டும் முயலுங்கள்.'

புதிதாகத் திறந்து பார்த்தேன். உடனே வந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. அதே வரிகள்.

சரிபார்க்கிறான் என்று நினைச்சேனே. பாவி, நான் சந்தோஷப்பட்டேனே.

ஏப்ரல் 7, திங்கள்

ராத்திரி முழுக்க ஒரே கேள்வி. அண்ணனுக்கு இல்லாத இடம் யாருக்குப் போயிற்று? வராதவருக்கு. யார் அந்த வராதவர்?

காலையில் முதல் வேலையாக அந்த மூன்று பெயர்களும் எந்த நேரத்தில் இடம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். சரியாக எட்டு மணி. தினமும். ஒரு இடம் போனிலிருந்து, ஒரு இடம் கம்ப்யூட்டரிலிருந்து. காவலாளியின் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே நேரம், அதே பெயர்கள்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "அந்தப் பேருங்களா? சும்மா என்கூடப் படிச்சவங்க பேரு போட்டு வச்சேன்க்கா" என்றார். "ஆனா அது உடனே ரத்து பண்ணிடுமே? அந்தப் பக்கத்துலயே பொத்தான் இருக்குல்ல?"

அந்தப் பக்கத்தில் பொத்தான் இல்லை. நான்தான் எடுத்தேன். மார்ச் பதினெட்டு.

முன்பு பக்கம் இழுத்ததால் காவலாளி இடம் போடுகிற வரைக்கும் போனதே இல்லை. நான் வேகமாக்கினேன், அது போய்ச் சேர்ந்தது. எட்டு மணிக்கு இரண்டு இடத்தையும் போட்டது. ரத்துப் பொத்தானைத் தேடியது, கிடைக்கவில்லை, அப்படியே போய்விட்டது. அதற்கு நேரம் மட்டும்தான் குறிக்கத் தெரியும். அப்புறம் நாள் முழுக்க மணிக்கொரு தடவை வந்து 'நிரம்பிவிட்டன' என்ற பக்கத்தைப் பார்த்துப் பச்சை போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் படம் கிடையாது, ஒன்றும் கிடையாது, இரண்டு வரி. அதனால்தான் ஒரு விநாடி. டாக்டரம்மா தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாரே, அந்த ஒரு விநாடி.

அண்ணன் போனிலும் சீக்கிரம் திறக்கணும்னுதானே இதெல்லாம் பண்ணினேன். சீக்கிரமாத் திறந்து, சீக்கிரமா இல்லைன்னு சொல்லி அனுப்பியிருக்கு.

காவலாளியை நிறுத்தினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதே நாற்காலி. முகம் வெளுத்துவிட்டது.

"உன் அண்ணன்னு எனக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சவங்க ஒருத்தர் கூடக் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். அவரிடம் இப்படிப் பேசுவேன் என்று நான் நினைத்ததில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய போனா கிளினிக்கையே மூட வேண்டியதுதான். உன் அண்ணன் பொழைச்சு வரட்டும், நான் பல்லு முழுக்க என் கையால பாத்துக் கொடுக்கறேன்" என்றார். குரல் உடைந்துதான் சொன்னார். கெட்டவர் இல்லை. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தலையணையைத் தூக்கிவைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அண்ணி மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று பட்டது.

சொன்னேன். காவலாளி, பொத்தான், வராதவர், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் போனைக் காட்டிக் கையை நீட்டினான். ரப்பர் பேண்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், திட்டட்டும் என்று.

'சைட்டு நல்லா வேகமாத்தான் தெறந்துச்சு பாப்பா. அத சொல்லணும்.'

சிரிக்கிறானா என்று பார்த்தேன். குழாய் இருக்கும்போது சிரிப்பும் தெரியாது, அழுகையும் தெரியாது. தோள் மட்டும் குலுங்கியது. மறுபடி தட்டினான்.

'அண்ணிகிட்ட நீ சொல்லாத. வீட்டுக்கு வந்து நானே பக்குவமா சொல்றேன்.'

ஏப்ரல் 11, வெள்ளி

மறுபடி காய்ச்சல். சீழ் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கலாம் என்கிறார்கள். இன்னொரு அறுவை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணன் போய்விட்டான்.

ஏப்ரல் 21, திங்கள்

எல்லாம் முடிந்து வேலைக்கு வந்தேன். முன்மேசை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர்: நான், டாக்டரம்மா, மேஸ்திரி. மேஸ்திரி போன் எடுப்பதில்லை. நாலாவதாகத் தெரிந்தவன் இல்லை.

"அவரே அண்ணிகிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாருன்னியே" என்றார் டாக்டரம்மா. ஆமாம், சொன்னான். நானே சொல்றேன் என்றுதான் சொன்னான். அதில் பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது! அண்ணி தினமும் எனக்குச் சாப்பாடு போட்டு, "அவர் உன்மேல உசுரையே வச்சிருந்தார்"ன்னு சொல்றார். எப்படித் திங்கறது இதை?

ஏப்ரல் 23, புதன்

அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

பிழிந்துகொண்டிருந்த துணியைப் பிழிந்து முடித்தார். கொடியில் போட்டார். "நீ வீட்டுக்குப் போ" என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

பதினொரு மணிக்கு அண்ணி கிளினிக்குக்கு வந்தார். முன்மேசை "அண்ணி வந்திருக்காங்க" என்று ஓடிவந்து சொன்னாள். நான் போனபோது காத்திருக்கும் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டரம்மா வந்ததும் எழுந்து நேரே உள்ளே போனார், யாரும் தடுக்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"இதுதானா?"

"ஆமாம்மா."

"அவர் தினமும் கேட்டப்ப இது சும்மாத்தான் இருந்துச்சா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லி மழுப்புவார் என்றுதான் நினைத்தேன்.

"சும்மாத்தான் இருந்துச்சு. யாரும் வரல. நான் பக்கத்துல நின்னு டீ குடிச்சிட்டிருந்தேன்" என்றார். கை கூப்பினார். அண்ணி அதைப் பார்க்கவேயில்லை. நாற்காலியின் தலை வைக்கிற இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனார். போகும்போது முன்மேசையிடம் மட்டும், "வர்றேம்மா" என்றார். என்னைத் தாண்டித்தான் போனார்.

மே 2, வெள்ளி

டாக்டரம்மா தன் கையால் எழுதிக் கொடுத்ததை முகப்பில் போட்டேன். மார்ச் பத்தொன்பது முதல் ஏப்ரல் ஏழு வரை வலி நேரம் கேட்டு இடமில்லை என்று திரும்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம், இடம் இருந்தது, தவறு எங்களுடையது என்று. வக்கீல் வேண்டாம் என்றாராம். "நான் என்ன அந்தம்மாகிட்ட ஒண்ணும் வக்கீல்கிட்ட ஒண்ணுமா சொல்லப்போறேன்?" என்றார். அவருடைய மாநாட்டுப் படத்தை எடுத்துவிடச் சொன்னார்.

'நிரம்பிவிட்டன' என்ற பக்கத்தையும் மாற்றினேன். 'இடம் இல்லாவிட்டாலும் வாருங்கள்' என்று எழுதி, கீழே முன்மேசையின் எண்.

எத்தனை பேர் அப்படித் திரும்பிப் போனார்கள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஒருவர் போன் செய்து முன்மேசையைத் திட்டினார். கண்ணாடிக் கிளினிக்கில் பிடுங்கிக்கொண்டாராம். அவருக்காவது சரியாகப் போயிற்றே என்றிருந்தது.

மே 14, புதன்

வேலையை விடுகிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "போறதுன்னா போ. ஆனா காலைல எட்டு மணிக்கு யார் உக்காந்து பாக்கறது?" என்றார். இருந்துவிட்டேன். காவலாளி இல்லை இப்போது. தினமும் எட்டு மணிக்கு நானே திறந்து பார்க்கிறேன்.

மே 29, வியாழன்

அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. போன வாரமும் எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஜன்னலிலிருந்து பார்த்தேன். அண்ணியும் மகளும் எதிர்வரிசையில் நடந்து வந்தார்கள். பிள்ளை கன்னத்தில் கை வைத்திருந்தாள். பலகையைக்கூடப் படிக்கவில்லை, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் எழுந்து நின்றேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். அரைமணியில் வெளியே வந்தார்கள். பிள்ளை பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள், நன்றாக நடந்தாள். அண்ணி ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 16, திங்கள்

மாதாமாதம் பார்ப்பது போல யார் எந்தப் போனில் வருகிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடலாம் என்றுதான் இருந்தேன்.

கடைசியில் அண்ணனின் அந்த மாடல் இருக்கிறது. ஏப்ரல் இருபத்தாறு, அண்ணி இங்கே வந்துபோன மறுநாள் முதல், ஒரு நாள் விடாமல், காலை எட்டு மணி தாண்டியதும் ஒரு வருகை. வலி நேரம் பக்கத்துக்கு மட்டும். இடம் எதுவும் போடவில்லை. பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்றும் வந்திருந்தார். திறக்க இரண்டு விநாடி ஆகியிருக்கிறது. இடம் இருந்தது.